ஏழாம் அத்தியாயம்: கார் எஞ்சினைக் காற்றில் ஏற்றுதல்

நான் பார்த்தவரை, மட்டக்களப்பில் ஒரு நைட்ரோ எஞ்சின் ஒரு பொடியனின் கைக்கு வந்து சேர்வது காரோடுதான். கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்யும் மாமா லீவில் வரும்போது றிமோட் கார் ஒன்றைக் கொண்டு வருவார். கல்லடிக் கடற்கரையில் இரண்டு கிழமை அமர்க்களமாக ஓடும். பிறகு மணல் பற்சக்கரங்களுக்குள் போய்விடும், முன்சில்லைத் தாங்கும் கை ஒன்று முறியும், அந்தச் சாமான் எங்கும் கிடைக்காது. கார் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். உள்ளே இருக்கும் எஞ்சினுக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. விமானத்துக்கென்றே செய்த எஞ்சினை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கக் காசில்லை, இதையே பறக்க வைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். வைக்கலாம். ஆனால் காரிலிருந்து கழற்றி விமானத்தின் மூக்கில் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவரின் எஞ்சின் மூன்றாவது பறப்பிலேயே வாவிக்குள் போகும்.

உண்மையில் இந்த எஞ்சினுக்கு இது தாய்வீடு திரும்பும் பயணம். 1940களில் அமெரிக்காவில் மக்கோய், டூலிங் எஞ்சின்கள் கம்பியில் கட்டி வட்டமாக ஓடவிடும் பந்தயக் கார்களிலும் இருந்தன, கம்பி பிடித்துப் பறக்கவிடும் விமானங்களிலும் இருந்தன. 1947இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பற்றரியையும் கொயிலையும் விமானத்தில் ஏற்றிச் சுமக்கும் தொல்லை போனது. 1960களின் கடைசியில் றிமோட் கார்கள் வந்தபோது அவற்றுக்குள் இருந்தது விமான எஞ்சின்தான். புரொப்பெல்லர் இல்லாததால் காற்றுப் படாமல் சூடேறியது. அதற்காகத் தலையில் பெரிய குளிர்த்தகடு வைத்தார்கள். பிறகுதான் காருக்கென்று வாசல்களை மாற்றி, காபரேட்டரை மாற்றி, தனி இனமாக வளர்த்தார்கள். 1936இல் ஒசாக்காவில் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம் இரண்டு வகையையும் செய்திருக்கிறது. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று கண்டுபிடிக்கப் பெரிய கண் தேவையில்லை.

சுமைதான் வேறு

இந்த அத்தியாயத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: எஞ்சின் மாறவில்லை, அது இழுக்கும் சுமைதான் மாறுகிறது. கார் எஞ்சினுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஓய்வு உண்டு. நேர்பாதையில் நான்கு விநாடி முழு வேகம், திருப்பத்தில் விடுதல், கிளட்ச் நழுவுதல், மறுபடி இழுத்தல். விமான எஞ்சின் நிலத்தை விட்டு எழும்பிய நேரம் முதல் இறங்கும்வரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ஏறும்போது ஒரு நிமிடம் முழு வேகத்தில் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தில் சேரும் சூடு கார் எஞ்சின் தன் வாழ்நாளில் கண்டறியாதது. எண்ணெய், பெற்றோல் தாங்கியின் இடம், புரொப்பெல்லரின் அளவு என்று கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவை. (தாங்கியைப் பெற்றோல் தாங்கி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், அதற்குள் பெற்றோல் ஊற்றக்கூடாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.)

இன்னொரு வேறுபாடு உள்ளே இருக்கிறது. கிராங்க் தண்டு ஒருமுறை சுற்றுவது 360 பாகை. அதில் விமான எஞ்சினின் புகைவாசல் ஏறத்தாழ 140 முதல் 150 பாகைவரை திறந்திருக்கும். வேகமான கார் எஞ்சின்களில் அது 170 பாகையை எட்டும், தாண்டவும் செய்யும். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும்போது புகை வெளியேற நேரம் போதாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். அதே எஞ்சினை 10,000 சுற்றில் பிடித்து வைத்தால் எரிய வேண்டிய வாயுவே வாசலால் வெளியே போய்விடும். பலமும் இருக்காது, சூடும் குறையாது. ஆகவே பெரிய புரொப்பெல்லரை மாட்டி மெதுவாக ஓடவிடுவது கருணை போலத் தெரிந்தாலும் எஞ்சினைக் கொல்லும் வழி அதுதான். சின்னப் புரொப்பெல்லர், கூடிய சுற்று: கார் எஞ்சினுக்கு அதுதான் சுகம்.

கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

கார் எஞ்சின்களின் அளவைக் கன அங்குலத்தில் சொல்வார்கள். 0.12 என்பது ஏறத்தாழ 2 சி.சி., 0.15 என்பது 2.5, 0.18 என்பது 3, 0.21 என்பது 3.5. பெயருக்கும் உண்மைக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும், சீன எச்.எஸ்.பி. கார்களில் வரும் வி.எக்ஸ். 18 எஞ்சின் 2.74 சி.சி.தான். முதல் முயற்சிக்கு 0.15 அல்லது 0.18 நல்லது. 0.12 மிகச் சின்னது, கோபக்காரன். 0.21 எஞ்சினுக்கு விமானம் பெரிதாக வேண்டும்.

கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகும். எஞ்சின் பழுது என்று பலர் பயப்படும் இடம் இது. பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. இந்த எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் குரோமியம் பூசிய பித்தளை. சிலிண்டர் மேலே போகப் போகக் கொஞ்சம் ஒடுங்கும். சூடேறும்போது பித்தளை விரிந்து சரியான இடைவெளி வரும். உச்சியில் எந்த இறுக்கமும் இல்லாமல் வழுக்கிப் போனால்தான் அது தேய்ந்த எஞ்சின். இறுகி நிற்பதைக் கட்டாயப்படுத்தித் திருப்பாமல், தலைமுடி காயவைக்கும் டிரையரால் இரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டுத் திருப்புங்கள்.

அடுத்து, சைலன்சரைக் கழற்றிப் புகைவாசலால் டோர்ச் அடித்து பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் இருந்தால் அந்த எஞ்சின் கடற்கரை மணல் குடித்தது. அதோடு மினக்கெட வேண்டாம். கிராங்க் தண்டைச் சுற்றும்போது விரல்நுனியில் நறநறவென்று ஓர் உணர்வு வந்தால் பெயாரிங்கில் துரு. நமது ஊர் உப்புக்காற்றில் ஒரு வருடம் சும்மா கிடந்த எஞ்சினுக்கு அது வராமல் இருப்பதுதான் அதிசயம். பெயாரிங்கை மாற்றலாம். எஞ்சின் உடலை அடுப்பில் 150 பாகை அளவில் சூடாக்கினால் பழையது தட்டின உடனே விழும். அளவு பெயாரிங்கிலேயே பொறித்திருக்கும்.

முன்பக்கம்: லேத் பட்டறையில் ஒரு மாலை

வேலை கூடிய இடம் இதுதான். பொறுமையாக வாசியுங்கள்.

காரில் கிராங்க் தண்டின் முனையில் பிளைவீல் இருக்கும், அதற்கு முன்னால் கிளட்ச். பிளைவீலைப் பிடித்து வைப்பது தண்டில் ஏறியிருக்கும் சரிவான சின்னப் பித்தளைக் கோலெட். நட்டை முடுக்கும்போது பிளைவீல் கோலெட்டின் மேல் ஏறி, கோலெட் தண்டை நசுக்கிப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பிளைவீலின் இடத்தில் புரொப்பெல்லரைத் தள்ளும் தட்டு ஒன்றை அலுமினியத்தில் கடைந்து வைக்க வேண்டும். பின்புறம் கோலெட்டின் சரிவுக்கே பொருந்தும் சரிவு. முன்முகத்தில் புரொப்பெல்லர் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு. நீளம் எவ்வளவு என்பதை உங்கள் எஞ்சினில் அளந்தே சொல்ல முடியும்: சுற்றும் புரொப்பெல்லருக்கும் காபரேட்டருக்கும் இடையில் 5 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும்.

நான் முதன்முதலில் செய்விக்கப் போனது, வள்ளங்களின் எஞ்சின் தண்டு நேராக்கும் ஒரு பட்டறைக்கு. அளவுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாஸ் கொப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது எவ்வளவு சுத்தும் மகன்?”

“பதினெட்டாயிரம் பாஸ். நிமிசத்துக்கு.”

“வள்ளத்து எஞ்சினே அஞ்சாயிரம்தான் சுத்தும். அப்ப எஞ்சினையே கொண்டு வா. தண்டைப் பிடிச்சுப் பார்க்காம நான் கடைய மாட்டன்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. தட்டு தண்டில் ஏறியபின் அதன் முகம் ஆடக்கூடாது. ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு ஆட்டமே இந்தச் சுற்றில் அதிகம். எஞ்சினைக் கொண்டுபோகாமல் தட்டுக் கடைவிக்காதீர்கள்.

சில கார் எஞ்சின்களின் தண்டு கட்டையானது. கோலெட்டும் தட்டும் புரொப்பெல்லரும் ஏறியபின் நட் பிடிக்கப் புரி மிச்சமிருக்காது. நீளமான நட் ஒன்றைக் கடைந்து, பின்பாதியில் தண்டின் புரியும் முன்பாதியில் புதிய புரியும் வைத்து நீட்டலாம். அந்த நீட்சி 25 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம். நான் ஒருமுறை அதைவிட நீளமாக, கொஞ்சம் கோணலாகவும் செய்துவிட்டேன். எஞ்சின் அதிர்ந்தது, தாங்கிக்குள் எரிபொருள் நுரைத்தது, ஊசியை எப்படித் திருப்பியும் ஓட்டம் நிலைக்கவில்லை. குற்றம் காபரேட்டரில் என்று நினைத்து இரண்டு பின்னேரம் அதையே கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

லேத் வசதியே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. பிளைவீலைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். கிளட்ச் சப்பாத்துகளையும் அவற்றின் முளைகளையும் எடுத்து, முகத்தைச் சமமாக அராவி, அதையே தள்ளுதட்டாக வையுங்கள். 30, 40 கிராம் கூடும். ஆனால் சின்னப் புரொப்பெல்லருக்கு எடை போதாததால் மெதுவோட்டத்தில் எஞ்சின் தடுமாறும். அந்தக் குறையைப் பிளைவீல் தீர்க்கும். அழகில்லாத வழி, ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எந்த வழியானாலும் ஒன்றைச் சோதியுங்கள்: தண்டைப் பின்னோக்கி அழுத்தினால் கோலெட் முன்பெயாரிங்கின் உள்வளையத்தில் முட்டி நிற்க வேண்டும். அது முட்டாவிட்டால் நீங்கள் முன்னாலிருந்து தள்ளும் ஒவ்வொரு தடவையும் கிராங்கின் முளை பின்மூடியை உராயும்.

பின்பக்கம், புகை, காபரேட்டர்

கார் எஞ்சினின் பின்னால் கயிறிழுத்துக் கிளப்பும் பெட்டி இருக்கும். விமானத்தில் அது வீண்சுமை. எஞ்சின் சில நேரம் எதிர்த்திசையில் கிளம்பும். அப்போது ஒருவழிப் பெயாரிங் உடையும். கழற்றிவிட்டு வெறும் பின்மூடி போடுங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய மூடியின் நடுத்துளையை அலுமினிய முளை வைத்து எபொக்சியால் காற்றுப் புகாமல் அடையுங்கள். இந்த எஞ்சின் கீழறையில் காற்றை அமுக்கித்தான் எரிபொருளை மேலே அனுப்புகிறது. மயிரளவு கசிவு இருந்தாலும் மெதுவோட்டம் ஒருநாளும் சரிவராது.

புகைவாசல் பின்னால் பார்க்கும் எஞ்சினென்றால் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் குழாயை வயிற்றுக்கடியால் விடுங்கள். காரின் நீளமான ஒத்திசைக் குழாய் 30,000 சுற்றுக்கு அளந்து செய்தது; நமது சுற்றில் அதனால் பயனில்லை. சாதாரண சைலன்சரே போதும். அதில் அமுக்கக் குழாய்க்கான முளை கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் கார் காபரேட்டரின் வாய் அகலம், உறிஞ்சல் குறைவு. சைலன்சரின் அமுக்கம் தாங்கிக்குள் போகாவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கிய உடனே எஞ்சின் பட்டினியில் நிற்கும். காரின் மூடிவைத்த தாங்கி உதவாது. உள்ளே பாரக்குண்டு கட்டிய மெல்லிய குழாய் அசையும் விமானத் தாங்கி வேண்டும். 100 முதல் 120 மில்லிலீற்றர். அதன் நடுக்கோடு காபரேட்டர் ஊசியின் மட்டத்திலோ, அதற்கு ஒரு சென்ரிமீற்றர் கீழேயோ இருக்கட்டும். காற்றுவடி தேவையா என்று கேட்பார்கள். மேலே போனபின் தேவையில்லை. ஆனால் மணற்பாங்கான இடத்தில் ஓடி எழும்புவதானால் வாயில் மெல்லிய நைலோன் வலை ஒன்றைத் தங்கூசியால் கட்டிவிடுங்கள்.

எஞ்சினை 6 மில்லிமீற்றர் பிளைவூட் சுவரில் பதித்த இரண்டு வைரமான மரச்சட்டங்களில் ஏற்றுங்கள். 3 மில்லிமீற்றர் போல்ட், நைலோன் வைத்த பூட்டு நட். கார் எஞ்சினின் காதுகளில் புரி வெட்டியிருக்கும், கீழிருந்து முடுக்கலாம். றெஜிபோம் உடம்பாக இருந்தால் மூக்கிலிருந்து இறக்கைவரை மெல்லிய தாளும் எபொக்சியும் பூசுங்கள். புகையோடு வரும் எண்ணெய் பட்ட இடத்தில் எந்த ரேப்பும் ஒட்டி நிற்காது.

ஒரே அளவு விமான எஞ்சினைவிடக் கார் எஞ்சின் குளிர்த்தகட்டோடு பாரம் கூடியது. ஆகவே சேர்வோக்களையும் பற்றரியையும் பின்னே தள்ளி எடைமையத்தைச் சரிசெய்யுங்கள். குளிர்த்தகட்டின் சிறகுகளைக் கடைந்து குறைக்கலாம். ஆனால் பத்துப் பறப்புக்குப் பிறகு, சூடு எவ்வளவு என்று தெரிந்தபின் செய்யுங்கள்.

எரிபொருளும் எண்ணெயும்

பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பார்க்க எல்லோருக்கும் ஒரு ஆசை வரும். ஓடாது. குளோ பிளக்கின் சுருள் பிளாட்டினம். மெதனோல் ஆவி அதைத் தொடும்போது நடக்கும் வேதிவினைதான் பற்றரியை எடுத்தபின்னும் சுருளைச் சிவப்பாக வைத்திருக்கிறது. பெற்றோலுக்கு அந்தக் குணம் இல்லை.

கார் எரிபொருளில் எண்ணெய் 8 முதல் 12 வீதம்தான் இருக்கும், நைட்ரோ 20க்கு மேலே போகும். விமானத்துக்கு எண்ணெய் 18 வீதத்துக்குக் குறையக்கூடாது. நைட்ரோ 5 அல்லது 10 போதும். உலகப் போட்டிகளில் சில பிரிவுகளுக்கு விதிக்கப்பட்ட எரிபொருளில் நைட்ரோவே இல்லை: 80 பங்கு மெதனோல், 20 பங்கு ஆமணக்கெண்ணெய், அவ்வளவுதான். நைட்ரோ இல்லாமல் எஞ்சின் ஓடாது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உங்களிடம் 10 வீத எண்ணெய் உள்ள கார் எரிபொருள் ஒரு லீற்றர் இருந்தால், அதில் 100 மில்லிலீற்றர் ஆமணக்கெண்ணெய் சேருங்கள். 1,100இல் 200 எண்ணெய். 18 வீதத்தைத் தாண்டிவிடும். நைட்ரோவும் தானாகக் கொஞ்சம் இறங்கும். அந்த ஆமணக்கெண்ணெய் பசை நீக்கிய, தெளிந்த எண்ணெயாக இருக்க வேண்டும். வீட்டில் விதை வறுத்து அவித்தெடுக்கும் விளக்கெண்ணெய் உதவாது. எஞ்சினுக்குள் அது பிசினாகப் படியும். ஆமணக்கெண்ணெயை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும்போது செயற்கை எண்ணெய் எரிந்து போய்விடும். ஆமணக்கெண்ணெய் அந்தச் சூட்டில் தடித்து பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும். துருவுக்கும் காவல்.

மெதனோல் நஞ்சு. கொஞ்சம் உள்ளே போனாலே கண்பார்வை போகும், உயிரும் போகும். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோல்வழியாகவும் உறிஞ்சப்படும். பகல் வெளிச்சத்தில் அதன் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். காற்றில் உள்ள ஈரத்தையும் அது குடிக்கும். வாவியோரக் காற்றில் மூடியைத் திறந்து வைத்த எரிபொருள் இரண்டு கிழமையில் கெட்டுப்போகும். நைட்ரோமீதேனைத் தனியாக வாங்கிக் கலக்க முயலவே வேண்டாம். அது வெடிபொருளுக்கும் மூலப்பொருள் ஆகக்கூடியது. பல நாடுகளில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. போர் கண்ட மாவட்டம் நமது. அடைத்து வந்த எரிபொருளையே வாங்குங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எந்தப் புரொப்பெல்லர்

புரொப்பெல்லரில் இரண்டு எண் இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில். 0.12க்கு 6×3, 0.15க்கு 7×3, 0.18க்கு 7×4 அல்லது 8×3, 0.21க்கு 8×4 என்று தொடங்குங்கள். விட்டம் கூடினால் சுமை எப்படி ஏறுகிறது என்பதை அறியாமல்தான் பலர் எஞ்சினை எரிக்கிறார்கள். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் சுமை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 7 அங்குலத்தை எடுத்துவிட்டு 9 அங்குலம் போட்டால் சுமை ஏறத்தாழ 2.7 மடங்கு. இரண்டு அங்குலம்தானே என்று சொல்ல முடியாது.

இரண்டாவது எண் வேகத்துக்கு. 17,000 சுற்றில் 4 அங்குலப் புரொப்பெல்லர் மணிக்கு 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே இழுக்கும். 3 அங்குலம் 80க்குச் சற்றுக் கீழே. பழகுபவருக்கு மூன்றே நல்லது.

எஞ்சினுக்கென்று குறித்த புரொப்பெல்லரையே வாங்குங்கள். மின்மோட்டாருக்கான மெல்லியவை பெட்டியில் ஒரே மாதிரித் தெரியும். எஞ்சினின் துடிப்பில் அவை உடைந்து பறக்கும். 7 அங்குலப் புரொப்பெல்லரின் நுனி 18,000 சுற்றில் விநாடிக்கு 168 மீற்றர் போகிறது. அந்த வேகத்தில் கழன்ற துண்டு எதிலே படும் என்று நினைத்துப் பாருங்கள். நுனியில் சின்ன வெட்டு இருந்தாலும் எறிந்துவிடுங்கள், ஒட்டிப் பார்க்காதீர்கள்.

மேசை ஓட்டம்

விமானத்தில் ஏற்றுமுன் எஞ்சினைக் கனமான பலகையில் பூட்டி, அந்தப் பலகையை மேசையில் கிளாம்ப் போட்டு ஓடவிட வேண்டும். புரொப்பெல்லரின் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. கிளப்பியபின் நீங்கள் பின்னால் போய் நின்றே ஊசியைத் திருப்புங்கள். விரலால் சுண்டிக் கிளப்பாதீர்கள். ஒரு சாண் தடியில் றப்பர்க் குழாய் மாட்டி அதனால் சுண்டுங்கள். சாரமும் தொங்கும் சட்டைக்கையும் இந்த வேலைக்கு ஆகாது. கண்ணாடி போடுங்கள்.

முழுவேக ஊசியை மூன்று சுற்றுத் திறந்து தொடங்குங்கள். வெள்ளைப்புகை தாராளமாக வரட்டும். சூடேறியபின் முழுவேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூடிச் சத்தம் உச்சிக்குப் போகும் இடத்தைக் காணுங்கள். அங்கிருந்து 300, 400 சுற்றுக் குறையும்வரை திரும்பத் திறந்து விடுங்கள். கார்க்காரர்கள் உச்சியிலேயே வைப்பார்கள். விமானத்தில் அது கூடாது. மேலே போனபின் புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்றுக் கூடும், கலவை இன்னும் மெலியும். இரண்டு மூன்று தாங்கி இப்படி ஓடியபின் தலையில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று மூன்று நான்கு விநாடி கொதித்து வற்றினால் நல்ல சூடு. பட்ட உடனே தெறித்து மறைந்தால் கலவை மெலிந்திருக்கிறது.

கடைசிச் சோதனை, விமானத்தில் பூட்டியபின்: முழுவேகத்தில் ஒருவர் விமானத்தின் உடம்பைப் பின்னாலிருந்து பிடித்து மூக்கை வானத்துக்கு நேரே பத்து விநாடி தூக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் ஏறலாம். ஒரு பொட்டுக்கூட இறங்கக் கூடாது. இறங்கினால் அன்று பறப்பு இல்லை.

காரின் துப்பாக்கிப்பிடி றிமோட்டை இதற்குப் பாவிக்க முடியாது. அதன் எட்டும் தூரம் காருக்கானது, வழிகளும் இரண்டு மூன்றுதான். நான்கு வழியாவது உள்ள 2.4 கிகாஹேர்ட்ஸ் விமான றிமோட் வேண்டும். தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானாக மெதுவோட்டத்துக்குப் போகும்படி அதை அமையுங்கள். அமைத்தபின் றிமோட்டை அணைத்து, கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எங்கே, எப்போது

எழுவான்கரை வேண்டாம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் வீட்டோடு வீடு. நகரை ஒட்டி வாவியோரத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பொம்மையும் மேலே போகக்கூடாது. றிமோட்டால் பறப்பவை இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. 2019 ஏப்ரலில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் அந்தச் சபை சிறிது காலம் முற்றாகத் தடைசெய்தது. அந்த நாட்களை மறக்காத ஊர் இது. அன்றைக்குள்ள விதியைச் சபையிடம் கேட்டு, அனுமதி பெற்று, பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லிவிட்டுப் பறக்க விடுங்கள். சத்தம் கேட்டு ஒரு வயதான அம்மா பயந்து முற்றத்துக்கு ஓடி வரக்கூடாது.

பறப்பதற்கு இடம் படுவான்கரை. பெரும்போகம் வெட்டியபின் வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வெறுமையாகக் கிடக்கும். அடிக்கட்டை கொஞ்சம் குத்தும், ஆனால் நிலம் மெத்தென்று ஏற்கும். போடியாரிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருவார். மாட்டுப்பட்டி நிற்கும் பக்கம் போகாதீர்கள். இரவில் யானை வந்துபோன வட்டையென்றால் காவற்காரரைக் கேட்டபிறகே எஞ்சினைக் கிளப்புங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் காலை ஆறிலிருந்து எட்டரைவரை மட்டும் பறக்கலாம். அதற்குப் பிறகு அந்த வறண்ட மேல்காற்று சின்ன விமானத்தை வாவிப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். பறக்கவிடும் நேரத்தை ஏழு நிமிடத்துக்குக் கடிகாரம் வைத்து நிறுத்துங்கள். தாங்கி வற்றி எஞ்சின் நின்றபின் இறக்குவது, பழகும் காலத்தில் செய்கிற வேலையல்ல.

வாவிக்குள் விழுந்தால்

விழும். 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் ஓரத்தில் பறக்கவிட்டு ஒருநாளும் நனையாதவர் இல்லை. தோணிக்காரர் எடுத்துத் தந்த உடனே புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டுதான் வளையும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடியவிட்டு, அதன்பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். வீட்டுக்குப் போகும்வரை வைத்திருக்க வேண்டாம், உப்பு அதற்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். பறக்கப் போகும்போது இரண்டு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டு போவது இதற்குத்தான்: காபரேட்டர் வாயாலும் புகைவாசலாலும் ஊற்றி நன்றாக அலசுங்கள். பிறகு எரிபொருளையே ஊற்றி அலசுங்கள். மெதனோல் மிச்சத் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். முடிந்தால் அங்கேயே பலகையில் பூட்டி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், அந்தச் சூடு பெயாரிங்கை உலர்த்தும். ஓடாவிட்டால் வீட்டில் பின்மூடியைக் கழற்றி, இரண்டு பெயாரிங்கிலும் மெல்லிய எண்ணெய் விட்டு, மூடாமல் ஓரிரவு வையுங்கள். அடுத்தநாள் காலையில் கையால் சுற்றுங்கள். நறநறப்பு இல்லையென்றால் பூட்டலாம்.